புளிப்பு மட்டும்

"இதுல உனக்கு என்ன தெரியுது?"

மாமா, அக்காவின் கணவர், அவளிடம் இதை முதன்முதலாகக் கேட்டது ஒரு காலை நேரத்தில். காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். கடையை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகளெல்லாம் மேசைகளின் மேல் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு, அக்கா கட்டி வைத்திருந்த ரொட்டியை எடுக்கக் கவுண்டர் பக்கம் வந்தாள். மாமா ஒரு கிளாஸுக்குள் மூக்கை விடுவதும் எடுப்பதும் மறுபடி விடுவதுமாக, கிணற்றில் விழுந்த வாளியை எட்டிப் பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார்.

கிளாஸை அவளிடம் நீட்டினார். வெளிறிய வைக்கோல் நிறத்தில் குளிர்ந்த வெள்ளை ஒயின். கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

"குடிக்க வேணாம். மோந்து பாரு. கொஞ்சம் வாயில வச்சுட்டுத் துப்பிடு. என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

அவள் கூச்ச சுபாவம். வகுப்பில் ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பாதி பதில் தொண்டையில் நின்றுவிடும். அம்மா போனதில் படிப்பு நின்று நின்று வந்து, பதினெட்டு முடிந்தும் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவள். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தானாக வந்தது.

"மழை விட்டப்புறம் கல்லு மணக்குமே, அது மாதிரி இருக்கு. அப்புறம் பச்சை ஆப்பிள். உள்ள இருக்கிற சதை இல்ல மாமா, தோலு. அப்புறம் எலுமிச்சங்காயை நகத்தால கீறினா வர்ற வாசனை."

மாமா அப்படியே நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேனா மாமா?"

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலை." முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போட்டுடறியா?" என்றார்.

அந்த லீவு இன்னும் முடியவில்லை. இது மூன்றாவது வருஷம்.

அவர்களுடையது சின்னக் கடைதான். சாப்பிட வருகிறவர்கள் சாப்பாட்டுக்காக மட்டும் வருவதில்லை. மாமா தட்டைப் பார்ப்பார், பாட்டிலை எடுப்பார், இந்த மீனுக்கு இந்த ஒயின் ஏன் என்று மேசைப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை சொல்வார். அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டால் ருசி ஒரு படி கூடும் என்று ஊரே சொல்லும். வெயில் காலம் வந்துவிட்டால் வெள்ளை ஒயினும் கடல் மீனும் அவர் கையில் அண்ணன் தங்கை மாதிரி ஒற்றுமையாக இருக்கும். அந்த மனிதரின் மூக்கை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். வரவில்லை.

விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமா, அக்கா, அவள். வெளியே சொல்லிவிடலாமே என்று அக்கா ஒரு தடவை கேட்டதற்கு, "கண்ணு தெரியாத டிரைவர்னு போர்டு மாட்டிட்டு வண்டி ஓட்டினா யாருடி ஏறுவா?" என்று மாமா கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. கவுண்டர் பக்கமாக ஒரு சின்னப் பலகைத் திறப்பு. தட்டு ஒன்று நுழையும், தலை நுழையாது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு குழாய்த்தொட்டி, துப்புவதற்கு ஒரு தகரக் குவளை, இடையிடையே வாயைத் துடைத்துக்கொள்ள உப்பில்லாத காய்ந்த ரொட்டித் துண்டுகள். சமையலறைப் புகை வந்துவிடக் கூடாது என்று கதவை எப்போதும் சாத்தியே வைப்பார்கள். தாழ்ப்பாள் எல்லாம் போடுவதில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை.

வேலை இதுதான். புதுப் பாட்டில் திறந்தால் முதலில் அவளிடம் வரும். புதுச் சாஸ் செய்தால் ஒரு கரண்டி வரும். ருசி பார்த்துவிட்டு, ஒயினும் தட்டும் ஒத்துப்போகும் என்றால் முள்கரண்டியை நேராக வைப்பாள். போகாது என்றால் குறுக்கே வைப்பாள். மாமா கிளாஸ் துடைக்கிற பாவனையில் திறப்புப் பக்கம் வந்து நிற்பார். அவள் மெதுவாக ரெண்டு வார்த்தை சொல்வாள். அவள் வாயிலிருந்து கிளம்பியது அவர் வாய்வழியாக, மாலை போட்டுக்கொண்டு, மேசைக்குப் போகும்.

"மாமா, சாலட்ல வினிகர் ஜாஸ்தி. இந்த ஒயின் செத்துப் போயிடும். எலுமிச்சை பிழிஞ்சு தரச் சொல்லுங்க" என்பாள்.

வெளியே மாமா, "சார், வினிகர் கொஞ்சம் முரட்டு ஆசாமி. ஒயினைப் பேசவே விடாது. உங்களுக்கு எலுமிச்சைல பண்ணித் தரச் சொல்றேன்" என்பார். மேசையில் தலைகள் ஆடும்.

ஒரு தடவை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கேக்குக்கு வெள்ளை ஒயின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. அவள் கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு, "இனிப்புக்கு முன்னாடி ஒயின் வெறும் புளிப்பாயிடும், ரெண்டும் சண்டை போடும்" என்றாள். மாமா வெளியே போய், "மாப்பிள்ளை, சண்டைக்கு இன்னும் காலம் கிடக்கு, இன்னைக்கே எதுக்கு?" என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு அறைக்குள்ளே கேட்டது. அவளும் சிரித்தாள், சத்தம் வராமல்.

சிரிப்பதற்குக்கூட அந்த அறையில் அளவு இருந்தது. மற்றதற்கெல்லாம் கேட்கவே வேண்டாம். மணக்கிற சோப்பு கூடாது. பவுடர் கூடாது. பல் தேய்க்க வெறும் உப்பு. காப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, மிளகாய் என்றால் பேச்சே இல்லை. கூட்டத்துக்குள் போகக் கூடாது, யாராவது தும்மித் தொலைப்பார்கள். மழையில் நனையவே கூடாது. தெருமுனை ரொட்டிக்கடைப் பெண் அவளோடு படித்தவள். ஒருநாள் பார்க்க வந்தபோது மூக்கை உறிஞ்சினாள். அவ்வளவுதான், அக்கா வாசலிலேயே நிறுத்தி, நலம் விசாரித்து, வாசலோடு அனுப்பிவிட்டாள்.

இதையெல்லாம் யாரும் அதட்டிச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் ஒருநாள் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அக்கா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். தலையைத் துவட்டிவிடுவாள். "என் கண்ணுல்ல, இந்தத் துணியைக் கழுத்துல சுத்திக்கோ" என்பாள். அவளுக்காக அந்த வீட்டில் எல்லோரும் காரமில்லாத சாப்பாடு சாப்பிட்டார்கள். அம்மாவுக்குப் பிறகு அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டவர்கள். அவர்களிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு போய், என் வாயை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது?

மாமாவுக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. மீனுக்கென்று நறுக்கி வைத்த எலுமிச்சைத் துண்டுகளை எடுத்து எடுத்துக் கடிப்பார். கவுண்டரில் எப்போதும் ஒரு சின்னத் தட்டில் சக்கையாகக் கிடக்கும்.

"முதலாளி, மீனுக்கு வெட்டினதெல்லாம் உங்க வயித்துக்கே போகுது. மீனு கோவிச்சுக்கும்" என்று சமையலறையிலிருந்து மாஸ்டர் கத்துவார்.

அவள் ஒருநாள் ஏன் என்று கேட்டாள். மாமா திறப்பு வழியாகக் குனிந்து, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூக்கு போனா வாசனை எல்லாம் போயிடுதும்மா. ஆப்பிளும் உருளைக்கிழங்கும் ஒண்ணாயிடுது. இந்தப் புளிப்பு மட்டும் என்னை விட்டுப் போகலை. நாக்கு ஓரத்துல சுரீர்னு ஒண்ணு. இன்னும் உசிரோடதான் இருக்கேன்னு தெரியும்ல, அதுக்குத்தான்."

அவளுக்கு அவர்மேல் கோபம் வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ச்சாரியில் அவள் படித்த பள்ளிக்கூடம். படிப்பை நடுவில் விட்டவர்களுக்கென்று அங்கே மாலை வகுப்பு தொடங்கியிருந்தார்கள். மாடியில் துணி காயப்போடப் போகும்போது பார்ப்பாள். ஒரு தையல்காரம்மா, ஒரு பஸ் கண்டக்டர், தலை நரைத்த ஒருவர் எனப் பலரும் வரிசையாக உள்ளே போவார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரியும். கரும்பலகையில் யாரோ ஏதோ எழுதுவார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது. அதே நேரத்துக்குத்தான் கடையில் கூட்டமும் தொடங்கும். அவள் இறங்கிவந்து அறைக்குள் உட்கார்வாள்.

அங்கே சேரட்டுமா என்று முதல் வருஷம் கேட்டபோது மாமா, "இந்த சீசன் முடியட்டும்மா" என்றார். போன வருஷம் கேட்டபோது, "புது ஒயின் வந்து போகட்டும்" என்றார். புது ஒயின் வந்தது, போனது. அவர் மறந்துவிட்டார், அல்லது மறந்தமாதிரி இருந்தார். இந்த வருஷம் அவள் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம். மாடியில் மேசைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வருது, நான் எடுக்கறேன், நீ இரு" என்று அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். ஆனால் அவள் ஏற்கெனவே மேலே இருந்தாள். துணிகளை வாரி வாசற்படி உள்பக்கம் போட்டுவிட்டு, திரும்பி நடந்து, மாடியின் நடுவில் போய் நின்றாள்.

முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது கழுத்துத் துணியில். பிறகு எண்ண முடியவில்லை. துணியை அவிழ்த்தாள். தலைமுடி கன்னத்தோடு ஒட்டியது. தரையிலிருந்து அந்த வாசனை எழும்பியது, எந்தப் பாட்டிலில் அவள் கண்டுபிடித்துச் சொன்னாளோ அதே கல் வாசனை. மூச்சை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளைக்கு இது இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் நின்றாள்.

அன்று சாயங்காலமே தொண்டை கரகரத்தது. யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டன. அதற்கு அடுத்த நாள் புது ஒயினோடு ஒயின்காரம்மா வந்து இறங்கினாள்.

ஒயின்காரம்மாவுக்கு உடம்பைவிடக் குரல் பெரிசு. வருஷா வருஷம் தன் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை முடிந்து வரும் புது வெள்ளை ஒயினின் முதல் பாட்டில்களை இந்தக் கடைக்குத்தான் கொண்டுவருவாள். மாமா அதை ருசித்து, அதற்கேற்ற தட்டுகளை அவள் முன்னால் வைக்கவேண்டும். அவளுக்குப் பிடித்துவிட்டால் அந்த சீசன் முழுக்க இங்கேதான் அது ஊற்றப்படும். அதை வைத்துத்தான் கடையில் கூட்டம்.

அறைக்குள் கிளாஸ் வந்தது. அவள் மோந்தாள். ஒன்றுமில்லை. வாயில் வைத்தாள். நாக்கின் ஓரத்தில் புளிப்பு மட்டும் சுரீர் என்றது. அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை, உள்ளே சுவரெல்லாம் இடிந்து வாசல் மட்டும் நிற்கிற வீடு போல. மாமா இத்தனை நாள் குடியிருப்பது இங்கேதான் என்று அப்போது தெரிந்தது.

இத்தனைக்கும் இதற்கு ஆசைப்பட்டுத்தான் மழையில் நின்றாள். ஆனால் வந்து சேர்ந்ததும், தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திறப்பில் மாமாவின் கை காத்துக்கொண்டிருந்தது. துடைத்த கிளாஸையே துடைத்துக்கொண்டிருந்தது.

போன வருஷத்து ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். "ஈரக் கல்லு. பச்சை ஆப்பிள் தோலு." கரண்டியை நேராக வைத்தாள். எலுமிச்சை பிழிந்த சிப்பி, நெருப்பில் வாட்டிய மீன், வெள்ளரிக்காயோடு ஆட்டுப்பால் சீஸ், மூன்றுக்கும் நேராகவே வைத்தாள்.

வெளியே மாமா கையை விரித்து, குரலை இறக்கி, ஈரக் கல்லையும் ஆப்பிள் தோலையும் அலங்காரம் பண்ணி ஊர்வலம் விட்டார். ஒயின்காரம்மா கேட்டுக்கொண்டே ஒரு சிப்பியைச் சாப்பிட்டாள். ஒரு வாய் ஒயின் குடித்தாள். பிறகு மேசை அதிரச் சிரித்தாள்.

"ஏங்க, மூக்கை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்துட்டீங்களா? இது போன வருஷத்துக் கதையாச்சே! இந்த வருஷம் வெயிலு கொளுத்திடுச்சு, திராட்சை எல்லாம் பழுத்துப் போச்சு. பேரிக்காய் மணக்குது, கடைசியில கொஞ்சம் தேன்கூட இருக்கு. இதுக்குப் போய் இவ்வளவு எலுமிச்சையைப் பிழிஞ்சு வச்சிருக்கீங்க?"

மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு திறப்பு வழியாகக் கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"சும்மா உங்களைச் சோதிச்சேம்மா. பழுத்த ஒயின்தான். வெண்ணெயில வதக்கின இறால் வைக்கலாம்னு இருக்கேன், அடுத்த தடவை வாங்க."

"அப்படிச் சொல்லுங்க! நான் பயந்தே போயிட்டேன். மிச்சப் பாட்டிலோட திரும்பி வரும்போது பார்ப்போம்." போகும்போது மாமாவின் மூக்கை விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் மாமா அறைக்கு வந்தார். கதவைத் திறந்ததுமே அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

"ஏம்மா சொல்லலை?"

"பயமா இருந்துச்சு மாமா."

அவர் கத்தவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "நெருப்பாக் கொதிக்குது. ஏய், இங்க வா!" என்று அக்காவைக் கூப்பிட்டார். போர்வை வந்தது, சூடாக சூப் வந்தது. மாமாவே ஊட்டுகிற மாதிரி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். "ஜலதோஷம்தானே. ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சுடும். கவலைப்படாதே" என்றார். பிறகு, "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்று தொடங்கி நிறுத்தினார்.

இரவெல்லாம் யோசித்தாரோ என்னவோ, காலையில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"பாரும்மா, நான் ஒண்ணும் ராட்சசன் இல்லை. நாக்கு திரும்பி வந்தா கடையைப் பார்ப்போம். வரலைன்னா உன்னை இந்தப் பொந்துக்குள்ள உட்கார வச்சு என்ன பண்ணப் போறேன்? நீ பாட்டுக்குப் படிக்கப் போ."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாலை வகுப்பில் சேர இன்னும் சில நாள்தான் பாக்கி இருந்தது.

ஒரு விடியலில் ரொட்டிக்கடையிலிருந்து முதல் அடுப்பு ரொட்டியின் வாசனை, அவள் படுத்திருந்த அறை ஜன்னல் வழியாக வந்து அவளை எழுப்பியது. மாவு, ஈஸ்ட், லேசாகக் கருகிய அடிப்பக்கம், எல்லாம் தனித்தனியாக. படுத்தபடியே அழுதாள், சந்தோஷத்தில்தான். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

மாமா கிளாஸோடு காத்திருந்தார். "இதுல உனக்கு என்ன தெரியுது?"

பேரிக்காய். அதன் தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய கசப்பு. கடைசியில் வந்து போகிற தேன். ஒயின்காரம்மா சொன்னது சரிதான்.

"தெரியலை மாமா" என்றாள்.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் அதன் கஷ்டம் புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் முகத்தைப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உப்பு அதிகமானால் உதடு சுழிக்கக் கூடாது. நல்ல மீன் வந்தால் கண் விரியக் கூடாது. முன்பு ஒரு அறைக்குள்தான் அடைந்து கிடந்தாள். இப்போது தன் முகத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தாள்.

திறப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது அதைவிடக் கஷ்டம். ஒருவேளை இன்றைக்கு வந்துவிடும் என்று மாமா அவளை இன்னும் அங்கேதான் உட்கார வைத்தார். வெளியே அவர் பேச்சு குறைந்துபோயிற்று. "நல்லா இருக்கும் சார், சாப்பிடுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். ஒரு மேசைக்கு வினிகர் சாலட்டும் புது வெள்ளை ஒயினும் சேர்ந்து போவதைப் பார்த்தாள். கை தானாகக் கரண்டியைத் தேடியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அந்த மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக் கிளாஸைத் தள்ளி வைத்தார். மாமா தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு, எலுமிச்சைத் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தார்.

ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறந்தால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். கதவும் மறுபடி சாத்திக்கொள்ளும்.

முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். அடுப்பில் பால் வைத்துவிட்டு அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டே வந்த கை சட்டென்று நின்றது.

"பாலு அடிப்பிடிக்குது, இல்ல?"

"எனக்கெப்படி தெரியும்?"

"எனக்கு வாசனை வர்றதுக்கு முன்னாடி உன் தலை அந்தப் பக்கம் திரும்புச்சுடி."

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி பின்னத் தொடங்கினாள், இந்த முறை கொஞ்சம் இறுக்கமாகவே.

"மாமாகிட்டச் சொல்லிடுவியாக்கா?"

"என்ன சொல்றது? நான் ஒண்ணும் பார்க்கலை." பின்னல் பாதி வந்த பிறகு சொன்னாள்: "நீ போனா கடை என்னாகும்னு எனக்குத் தெரியலை. இங்கேயே இருந்தா நீ என்னாவேன்னு மட்டும் நல்லாத் தெரியுது. தினம் பார்த்துட்டுத்தானே இருக்கேன்." நுனியில் முடிச்சுப் போட்டாள். "அப்புறம், காரசாரமா ஒரு வாய் சாப்பிட்டு எனக்கும் வருஷக்கணக்காச்சு. போய்த் தொலை."

கடைசி நாள் வந்தது. அன்று சாயங்காலத்தோடு மாலை வகுப்பில் சேர்வது முடிகிறது. அன்றைக்கே மத்தியானம் ஒயின்காரம்மா மிச்சப் பாட்டில்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா அவளுடைய பழைய பள்ளிக்கூடப் பையைத் தூசு தட்டி அறை வாசலில் வைத்திருந்தாள். மாமா கண்ணில் படவேண்டும் என்றே வைத்தாளோ என்னவோ.

மாமா வந்தார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் ஒரு தட்டு. தட்டில் வெண்ணெயில் வதக்கிய இறால், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. பையைத் தாண்டி உள்ளே வந்து, பழக்கத்தில் கதவைச் சாத்தினார். இரண்டு பேர் நிற்க அந்த அறையில் இடம் போதவில்லை. சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"கடைசியா ஒரு தடவை பார்த்துடும்மா. இதுக்கு மேல கேட்க மாட்டேன். அவங்க வர்ற நேரம். என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியலை." குரல் கடைசியில் கரைந்தது. "இதுல உனக்கு என்ன தெரியுது?"

அவள் கிளாஸை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றாகக் குளிர்ந்திருந்தது. வாயில் வைத்ததும் பேரிக்காய் எழுந்து வந்தது; வெண்ணெயும் இறாலும் இதோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சாப்பிடாமலே தெரிந்தது. அபாரமாக இருக்கும். அதைச் சொல்லத் துடித்த நாக்கைப் பல்லுக்குள் பிடித்து வைத்தாள். விழுங்கினாள். முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியலை மாமா."

"ஒண்ணுமேவா?"

அவர் நம்பவேண்டும். இன்றோடு, முழுசாக நம்பிவிடவேண்டும். அந்த அவசரத்தில் அவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டாள்.

"ஒண்ணுமே இல்லை. தண்ணி மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் புது வெள்ளை ஒயின் புளிக்காமல் இருக்காது. மூக்கு போகலாம். கல்லும் ஆப்பிளும் பேரிக்காயும் போகலாம். நாக்கின் ஓரத்துச் சுரீர் மட்டும் போகாது. அந்த ஊரில் வேறு யாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும். மூக்கில்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிய மனிதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மாமா அவளையே பார்த்தார். பிறகு அவர் பார்வை மெல்லத் தட்டுக்கு இறங்கி, ஓரத்தில் இருந்த எலுமிச்சைத் துண்டில் நின்றது.

"புளிக்கக்கூட இல்லையா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் கையிலிருந்த கிளாஸையே பார்த்தாள். காதோரம் சூடேறியது. கண்ணிலிருந்து ஒன்று உருண்டு கிளாஸ் விளிம்பில் விழுந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தமும், "எங்கேங்க என் இறாலு?" என்ற பெரிய குரலும் கேட்டன. மாமா அசையவில்லை. அவளுடைய அந்தச் சுவர் முகத்தை, அதை இத்தனை நாள் அவள் எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பாள் என்று கணக்குப் போடுகிறவர் போலப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வித்தை அவருக்குத் தெரியாததா? தினமும் மேசைக்கு மேசை அதைத்தானே செய்துவந்தார்.

அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். தானும் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி, நாக்கின் ஓரத்தில் அது வந்து போகும்வரை காத்திருந்தார். தட்டைத் தொட்டி மேல் வைத்தார். எலுமிச்சைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தார். சமையலறையில் மாஸ்டர் யாருக்கோ வெங்காயமும் மிளகாயும் வதக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காரப் புகை தடுப்பாரில்லாமல் குபுகுபுவென்று உள்ளே வந்தது. வாசலில் குறுக்கே கிடந்த பையைக் குனிந்து எடுத்து, நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

பிறகு கதவைச் சாத்தாமல் வெளியே போனார்.